ஏப்ரல் முதல் அக்டோபர் வரை பூக்கும் பியோனிப் பாத்தி: துணைச் செடிகளைத் தேர்ந்தெடுக்க முழுமையான வழிகாட்டி

கனடாவின் தெற்கு ஒன்ராறியோவில், பெரிய உருண்டைப் பூ பூக்கும் பல்லாண்டுச் செடியான பியோனி மே கடைசி வாரத்தில் பூக்கத் தொடங்கும். ஜூன் முடிவதற்குள் ஓய்ந்துவிடும். ஒரு கன்றை மட்டும் பார்த்தால் பூ நிற்பது ஏழு முதல் பத்து நாள்தான். இடையில் கனமழை வந்தால் அதுவும் குறையும். அந்தப் பத்து நாளுக்காக ஆண்டு முழுவதும் காத்திருக்கத் தகுந்த பூ அது. ஆனால் பனி கரையும் ஏப்ரலில் இருந்து முதல் உறைபனி விழும் அக்டோபர் வரை அந்தப் பாத்தி நம் கண்முன்னேதான் இருக்கிறது. அந்த மற்ற மாதங்களில் அங்கே எதைப் பூக்க வைப்பது, எங்கே நடுவது, எதை உள்ளே விடவே கூடாது என்பதைப் படிப்படியாகச் சொல்கிறேன். காலக்கணக்கு எல்லாம் ரொறன்ரோ சுற்றுவட்டாரத்துக்கானது. ஒட்டாவா பக்கம் இருப்பவர்கள் வசந்தகாலக் கணக்கை ஒன்றிரண்டு வாரம் பின்னே தள்ளிக்கொள்ளுங்கள்.

நர்சரிக்குப் போனால் எல்லோரும் முதலில் பார்ப்பது நிறத்தை. நான் அதை மூன்றாவது இடத்தில்தான் வைப்பேன். முதல் கேள்வி வேர்: இந்தச் செடி பியோனியின் கிழங்குக்குள் புகுமா, இதைப் பிரித்து நட அடிக்கடி மண்ணைத் தோண்ட வேண்டிவருமா? இரண்டாவது நிழல்: ஜூலையில் இது பியோனியின் இலைக்கு வெயிலை மறைக்குமா? இந்த இரண்டிலும் தேறிய பிறகு எந்த நிறமாக இருந்தாலும் பார்த்துக்கொள்ளலாம். நன்றாக நட்ட பியோனி ஐம்பது ஆண்டுக்கு மேலும் அதே இடத்தில் பூக்கும். பக்கத்துச் செடிகளை மாற்றலாம். பியோனியை நினைத்தபோதெல்லாம் பெயர்க்க முடியாது. ஆகவே இந்தப் பாத்தியில் எல்லா முடிவும் அதன் பக்கம் நின்று எடுக்கப்பட வேண்டும்.

படி 1: முதலில் பியோனிக்கு வேண்டியதைக் கொடுங்கள்

பியோனிக்கு நாளுக்கு ஆறு மணி நேரமாவது நேர் வெயில் வேண்டும். நீர் தேங்காத மண் வேண்டும். கிழங்கின் மேல் இருக்கும் சிவந்த மொட்டுகளை, அதாவது கண்களை, மண்ணுக்குக் கீழே ஒன்று முதல் இரண்டு அங்குல ஆழத்தில் மட்டும் வைக்க வேண்டும். அதற்கு மேல் ஆழம் போனால் இலை தழைக்கும், பூ வராது. துணைச் செடி நடும்போது பலர் கவனிக்காத இடம் இதுதான். சுற்றிலும் நட்டு, மேலே மண்ணும் மூடாக்கும் போட்டு அழகுபடுத்தும்போது அந்தக் கண்கள் மூன்று நான்கு அங்குலம் புதைந்துபோகும். மரத்தூள் மூடாக்கை மற்றச் செடிகளுக்குப் போடுங்கள். பியோனித் தூரின் மேல் வேண்டாம்.

கன்றுக்குக் கன்று மூன்று முதல் நான்கு அடி விடுங்கள். காற்று ஓடாத இடத்தில் பியோனிக்கு வரும் சாம்பல் பூஞ்சணம் மொட்டைக் கருக்கி, தண்டை அடியோடு சாய்த்துவிடும். ஈரமான மே மாதங்களில் இது கூடுதல். துணைச் செடிகளை நெருக்கமாகத் திணித்த பாத்தியில் இந்த நோய் அதிகம் தங்கும். அதனால் ஓர் அளவை வைத்துக்கொள்ளுங்கள்: பியோனித் தூரின் நடுவில் இருந்து இரண்டு அடிக்குள், குமிழ்களைத் தவிர, பல்லாண்டுச் செடி எதுவும் இல்லை. ஒன்றரை அடிக்குள் மண்வெட்டியே இல்லை.

புதிதாக நட்ட கன்று நன்றாகப் பூக்க மூன்று ஆண்டு ஆகும். அந்த மூன்று ஆண்டும் பாத்தி வெறுமையாகத் தெரியும், கை துறுதுறுக்கும். அந்த வெறுமையை ஒருபருவச் செடிகளால் நிரப்புங்கள். பல்லாண்டுச் செடியால் நிரப்பினால் நான்காம் ஆண்டு ஒன்றையொன்று நெருக்கத் தொடங்கும்.

படி 2: பியோனியின் காலத்தையே நீட்டுங்கள்

துணைச் செடியைத் தேடும் முன், பியோனியிலேயே முன்பருவம், நடுப்பருவம், பின்பருவம் என்று ரகங்கள் இருப்பதைப் பயன்படுத்துங்கள். மூன்று கன்றும் ஒரே ரகமாக வாங்கினால் பத்து நாள். பருவம் பார்த்து வாங்கினால் நான்கைந்து வாரம்.

கோரல் சார்ம் முன்பருவத்தில் வரும். பவள நிறத்தில் விரிந்து நாளுக்கு நாள் வெளிறி, உதிரும்போது ஏறக்குறைய வெண்ணெய் நிறமாகிவிடும். ஃபெஸ்டிவா மாக்ஸிமா 1851இல் பிரான்சில் வந்த பழைய ரகம். வெள்ளை இதழ்களின் நடுவே குங்குமத் தீற்றல், நல்ல மணம். சாரா பெர்ன்ஹார்ட் 1906ஆம் ஆண்டு ரகம், இளஞ்சிவப்பு, பின்பருவம். இதோடு இத்தோ வகையில் ஒன்றைச் சேர்த்தால் இன்னும் சில நாள் கூடும். மரப் பியோனியையும் குளிர்காலத்தில் தண்டு மடியும் சாதாரணப் பியோனியையும் 1948இல் ஜப்பானில் தொய்ச்சி இத்தோ கலந்து எடுத்த வழியில் வந்தவை இவை. மஞ்சள் நிற பார்ட்ஸெல்லா இவற்றில் மிகவும் பெயர் பெற்றது. இத்தோ வகையின் தண்டுகள் பூவைத் தாங்கி நிற்கும், கம்பு கட்டத் தேவையில்லை.

வாங்கும் முன் ஜூனில் ஒருமுறை ஒஷாவா தாவரவியல் தோட்டத்துக்குப் போய் வாருங்கள். அங்கே நூற்றுக்கணக்கான பியோனி ரகங்கள் இருக்கின்றன. ஆண்டுதோறும் பியோனி விழாவும் நடக்கும். பர்லிங்டனில் ரோயல் தாவரவியல் தோட்டத்தின் லேக்கிங் தோட்டத்தில் பியோனியும் ஐரிஸும் ஒரே இடத்தில் திரளாக இருக்கின்றன. எந்த ஐரிஸ் எந்தப் பியோனியோடு ஒரே நேரத்தில் பூக்கிறது என்பதை அங்கே கண்ணாலேயே பார்த்துக் குறித்துக்கொள்ளலாம்.

படி 3: ஏப்ரல், மே – குமிழ்ச் செடிகள்

ஏப்ரலில் பியோனியின் முளை கருஞ்சிவப்பாக மண்ணைப் பிளந்து வரும். அந்த நிறத்துக்குப் பக்கத்தில் மஞ்சள் டாஃபோடில் நிற்பது இந்த நாட்டு வசந்தத்தில் எனக்கு மிகவும் பிடித்த சேர்க்கை. அழகு மட்டும் காரணமல்ல. டாஃபோடில் பூத்து முடிந்தபின் அதன் இலையை ஆறு வாரம்போல வெட்டாமல் விட வேண்டும். அப்போதுதான் குமிழில் அடுத்த ஆண்டுப் பூவுக்கான சத்துச் சேரும். மஞ்சளாகித் துவண்டு கிடக்கும் அந்த இலையைப் பார்க்கச் சகிக்காது. சரியாக அந்த நேரத்தில் பியோனி இலை விரிந்து அதை மூடிக்கொள்ளும். இந்த இரண்டு செடியின் காலமும் இவ்வளவு கச்சிதமாகப் பொருந்துவது போல வேறு சேர்க்கையை நான் பார்த்ததில்லை.

நடுவது செப்டம்பர் கடைசியில் இருந்து அக்டோபருக்குள். டாஃபோடில் குமிழை ஆறு முதல் எட்டு அங்குல ஆழத்தில், பியோனிகளுக்கு நடுவிலும் பின்பக்கத்திலும், ஐந்து ஏழு குமிழ்கள் ஒரு கூட்டமாக வையுங்கள். வரிசையாக நட்டால் படை நிற்பது போல இருக்கும். அணில் டாஃபோடிலைத் தொடாது, அதில் நஞ்சு உண்டு. அதே காரணத்தால் வீட்டில் கவனமாக இருங்கள்: நடாத குமிழ்கள் பார்க்க வெங்காயம் மாதிரியே இருக்கும். சமையலறைப் பக்கம் வைக்கவே வேண்டாம்.

டியூலிப் அழகானது. ஆனால் ரொறன்ரோ அணில்களுக்கும் முயல்களுக்கும் அது விருந்து, அதோடு பெரிய பூ ரகங்கள் ஓரிரு ஆண்டில் மெலிந்து மறைந்துவிடும். மறுபடி நடத் தோண்ட வேண்டும். பியோனிப் பாத்தியில் மறுபடி தோண்டுவது நமக்கு வேண்டாத வேலை. குரோக்கஸில் டொம்மாசினியானஸ் வகையை அணில்கள் ஓரளவு விட்டுவைக்கின்றன. நீலப் பூ ஆசையில் சைபீரிய ஸ்கில்லாவை நடுகிறவர்கள் அது விதையால் புல்வெளிக்கும் பக்கத்துக் காட்டுக்கும் பரவுவதை அறிந்து நடுங்கள், நான் நடுவதில்லை.

குமிழ்களில் கடைசியாக வருவது அல்லியம், நம் வெங்காயக் குடும்பத்துச் செடி. பர்ப்பிள் சென்சேஷன் ரகம் மே கடைசியில் ஊதா உருண்டைகளாக மூன்றடி உயரத்தில் நிற்கும், முன்பருவப் பியோனியோடு சேர்ந்தே பூக்கும். அதன் இலை பூக்கும்போதே வாடத் தொடங்குவதால், பியோனிகளுக்கு இடையே பத்துக் குமிழைத் தூவினாற்போல் நடுங்கள். அணிலும் மானும் இதையும் தொடாது.

படி 4: ஜூன் – பியோனியோடு கூடவே பூப்பவை

இந்தக் காலத்துக்கு அதிகம் வேண்டாம். பியோனிப் பூ பெரியது, கனமானது, உருண்டையானது; அதன் பக்கத்தில் மெல்லிய, நிமிர்ந்த, சிறுபூச் செடிகளே பொருந்தும். நீலமும் ஊதாவும் எந்தப் பியோனி நிறத்தோடும் ஒத்துப்போகும். சைபீரிய ஐரிஸ், கேரடோன்னா ரக சால்வியா, கேட்மின்ட் மூன்றும் போதும்.

கேட்மின்டில் வாக்கர்ஸ் லோ ரகத்தைக் கேளுங்கள். சாம்பல்பச்சை இலை, நீலப் பூ, வறட்சி தாங்கும், முயல் தொடாது. புதினாக் குடும்பமாக இருந்தாலும் புதினாவைப் போல வேரோடி ஓடாது. மூன்றடி அகலம் படரும் என்பதை மட்டும் மறக்க வேண்டாம். வாங்கும்போது அது நாலங்குலச் சட்டியில் இருக்கும். வெள்ளைப் பூ வேண்டுமென்றால் வட அமெரிக்கக் காட்டுச் செடியான பென்ஸ்டெமொன் டிஜிட்டாலிஸ் நல்லது. ஃபாக்ஸ்குளோவ் போன்ற நிமிர்ந்த தோற்றம் கிடைக்கும். ஃபாக்ஸ்குளோவின் எல்லாப் பாகமும் நஞ்சு. சிறு பிள்ளைகள் ஓடியாடும் முற்றத்தில் நான் அதை வைக்கமாட்டேன்.

படி 5: ஜூலை, ஆகஸ்ட் – பெரிய இடைவெளி

இந்த வழிகாட்டியில் நீங்கள் நிறுத்தி வாசிக்க வேண்டிய இடம் இது. பியோனி முடிந்ததும் பாத்தியில் மூன்றடி உயரத்துக்குப் பச்சை இலை மட்டும் நிற்கும். சிலர் அது அசிங்கம் என்று ஜூலையிலேயே வெட்டிவிடுகிறார்கள். அப்படிச் செய்யவே கூடாது. அந்த இலைதான் வெயிலில் உணவு செய்து கிழங்கில் சேர்க்கிறது. அடுத்த ஆண்டுக்கான கண்கள் கோடை கடைசியில் அங்கேதான் உருவாகின்றன. ஜூலையில் இலையை இழந்த பியோனி மறு ஜூனில் பூவைக் குறைத்துக் கணக்குத் தீர்க்கும். பூத்து முடிந்த தலையை மட்டும், முதல் நல்ல இலைக்கு மேலே கிள்ளிவிடுங்கள். இலை முழுதாக நிற்கட்டும்.

அடர்ந்த, பளபளப்பான அந்த இலை முன்னால் பூப்பவற்றுக்கு அருமையான பின்னணி. ஆகவே ஜூலைச் செடிகளை இரண்டு இடங்களில் வைக்கிறோம்: தாழ்ந்தவை பியோனிக்கு முன்னால், தெற்கே, உயர்ந்தவை பின்னால், வடக்கே. உயர்ந்தது தெற்கே வந்தால் நிழல் விழும்.

முன்னால்: ஜெரேனியம் ரோஸான். நீல ஊதாப் பூ, ஜூனில் தொடங்கி உறைபனி வரை ஓயாது. ஒரே ஒரு துணைச் செடிக்குத்தான் இடம் உண்டு என்றால் இதைத்தான் சொல்வேன். சட்டியில் ஒருபருவத்துக்கு விற்கும் சிவப்பு ஜெரேனியம் வேறு. குளிர் தாங்கும் பல்லாண்டு ஜெரேனியம் என்று கேட்டு வாங்குங்கள். கேட்மின்டும் சால்வியாவும் ஜூன் கடைசியில் பூத்து ஓய்ந்ததும் பாதி உயரத்துக்குக் கத்தரித்துவிடுங்கள். ஆகஸ்டில் மறுபடி பூக்கும். இந்த ஒரு வெட்டு செலவில்லாமல் ஒரு மாதப் பூவைத் தருகிறது.

பக்கவாட்டில்: டேலிலி. ஸ்டெல்லா டி ஓரோ, ஹேப்பி ரிட்டர்ன்ஸ் இரண்டும் மஞ்சள், திரும்பத் திரும்பப் பூப்பவை. இளஞ்சிவப்புப் பியோனிக்குப் பக்கத்தில் மஞ்சளா என்று தயங்குகிறவர்களுக்கு: பியோனி பூக்கும்போது டேலிலி பெரும்பாலும் இலையாகத்தான் இருக்கும். ஒரே நேரத்தில் கண்ணில் படாத நிறங்கள் மோதுவதில்லை. நாள்காட்டியை வைத்து நிறம் சேர்ப்பதில் இந்தச் சுதந்திரம் இருக்கிறது. செம்மஞ்சள் நிறத்தில் சாலையோரமெல்லாம் வளரும் பழைய டேலிலியை மட்டும் தவிர்த்துவிடுங்கள். அது வேரால் ஓடி எல்லாவற்றையும் அமுக்கும். வீட்டில் பூனை இருந்தால் லில்லியும் வேண்டாம், டேலிலியும் வேண்டாம். இரண்டுமே பூனையின் சிறுநீரகத்தை அழிக்கும் நஞ்சு. உண்மை லில்லிக்கு ஒன்ராறியோவில் இன்னொரு தொல்லை, சிவப்பு லில்லி வண்டு, இலையை மொட்டையாக்கிவிடும். டேலிலியை அது தொடாது.

பின்னால்: லியாட்ரிஸ், எக்கினேசியா, உயர ஃபிளாக்ஸ் (phlox). ஃபிளாக்ஸில் வெள்ளை டேவிட் ரகம் சாம்பல் நோயை ஓரளவு தாங்கும். காற்று தேங்கினால் ஃபிளாக்ஸுக்கும் பியோனி இலைக்கும் ஆகஸ்டில் இந்த நோய் வெள்ளைப் பூச்சாக வரும், அதனால் பின்வரிசையை வேலி ஓரத்தில் ஒட்டி நடாதீர்கள். எக்கினேசியாவில் சாதாரண ஊதா இளஞ்சிவப்பு இனமே நீண்டகாலம் நிற்கிறது. புதுப்புது நிறக் கலப்பினங்கள் இரண்டு குளிர்காலத்தைத் தாண்டாமல் போவது சகஜம்.

இனி நம் ஊர்ப் பூக்கள். செண்டுமல்லி, வாடாமல்லி, கோழிக்கொண்டை மூன்றும் இங்கே ஒருபருவச் செடிகளாக நன்றாக வளரும். வெப்பம் ஏறும் ஜூலையில்தான் அவற்றுக்கு உயிரே வரும், உறைபனி வரை பூத்துக்கொண்டிருக்கும். ஏப்ரல் தொடக்கத்தில் வீட்டுக்குள் ஜன்னலோரம் விதை போட்டு, மே பிற்பாதியில் வரும் விக்டோரியா தினத்துக்குப் பிறகு வெளியே நடலாம். வாடாமல்லி விதை முளைக்க நாளாகும். மார்ச் கடைசியிலேயே போடுங்கள். இவை பியோனிக்கு ஏற்ற காரணம் வேர்தான்: ஆழமில்லாத வேர், ஆண்டு முடிவில் இல்லாமல் போகும் வேர். பாத்தியின் முன் ஓரத்திலும், பியோனிகள் இன்னும் சிறிதாக இருக்கும் முதல் மூன்று ஆண்டுகளில் இடையிடையேயும் வையுங்கள். சிறு கரண்டியால் மேலாகத் தோண்டினால் போதும். கோயிலுக்கும் வீட்டுச் சாமிப்படத்துக்கும் கிள்ளிக்கொள்ளப் பூவும் ஆயிற்று.

படி 6: செப்டம்பர், அக்டோபர்

இங்கே மூன்றே செடி. ஆட்டம் ஜாய் ரக செடம் ஆகஸ்டில் பச்சை மொட்டாக இருந்து, இளஞ்சிவப்பாகி, அக்டோபரில் செங்கல் நிறமாகும்; குளிர்காலம் முழுவதும் காய்ந்த தலையோடு பனியில் நிற்கும். நியூ இங்கிலாந்து ஆஸ்டர் இந்த மண்ணுக்கே உரிய செடி, மொனார்க் வண்ணத்துப்பூச்சிகள் தெற்கே புறப்படும் நேரத்தில் தேன் தரும். அது ஐந்தடி வளர்ந்து சாயும், ஆகையால் ஜூன் நடுப்பகுதியில் பாதியாக வெட்டிவிடுங்கள். குள்ளமாக, அடர்த்தியாகப் பூக்கும். ஜூலை தொடங்கிய பிறகு வெட்டினால் மொட்டும் போய்விடும். மூன்றாவது கார்ல் ஃபோர்ஸ்டர் புல், ஓடாமல் ஒரே தூராக நிற்கும். செவ்வந்தியை இலையுதிர்காலத்தில் சட்டியோடு வாங்கி வைப்பது இங்கே வழக்கம். அதைப் பாத்தியில் புதைக்காமல் சட்டியோடே பியோனிகளுக்கு நடுவே வைத்தால் வேருக்கும் தொல்லையில்லை. பியோனி இலையும் அந்த நேரத்தில் சில ரகங்களில் வெண்கலமும் செம்மையுமாக மாறும்.

உள்ளே விடக்கூடாதவை

புதினா, லில்லி ஆஃப் த வேலி, வின்கா, கவுட்வீட், கூஸ்நெக் லூஸ்ஸ்டிரைஃப், ஜப்பானிய அனிமோனி. எல்லாமே மண்ணுக்குள் ஓடிக் கிழங்கின் நடுவே புகுந்துவிடும். பிறகு பியோனியைப் பெயர்க்காமல் அவற்றை எடுக்க முடியாது. பக்கத்து வீட்டுக்காரர் அன்போடு ஒரு வாளி நிறையக் கிள்ளிக் கொடுக்கும் செடிகளில் பெரும்பாலானவை இந்தப் பட்டியலில் இருக்கும். வாங்கி வேறு இடத்தில் சட்டியில் வையுங்கள். லிலாக் புதரும் மேப்பிள் மரமும் பத்தடிக்குள் இருந்தால் பாத்தியை வேறிடத்துக்கு மாற்றுவதே நல்லது. ஓயாது ஈரம் கேட்கும் அஸ்டில்பே போன்றவையும் இங்கே ஒத்துவராது.

12 அடிக்கு 6 அடிப் பாத்தி: ஒரு மாதிரி

தெற்கே பார்த்த பாத்தி என்று வைத்துக்கொள்வோம். அகலத்தின் நடுக்கோட்டில், இடது ஓரத்தில் இருந்து 2, 6, 10 அடிகளில் மூன்று பியோனிகள்: கோரல் சார்ம், ஃபெஸ்டிவா மாக்ஸிமா, சாரா பெர்ன்ஹார்ட். பின் ஓரத்தில் இருந்து ஓரடி உள்ளே, 4ஆம் அடியில் ஃபிளாக்ஸ், 8ஆம் அடியில் ஆஸ்டர், இரண்டு மூலைகளில் லியாட்ரிஸும் கார்ல் ஃபோர்ஸ்டரும். முன் ஓரத்தில் இருந்து ஓரடி உள்ளே, 4ஆம் அடியில் கேட்மின்ட், 8ஆம் அடியில் ரோஸான், மூலைகளில் செடமும் டேலிலியும். பியோனிகளுக்கு நேர் முன்னால் மிஞ்சும் இடம் வாடாமல்லிக்கும் செண்டுமல்லிக்கும். பியோனிகளுக்கு இடையே, 4, 8 அடிகளின் நடுவில், ஒவ்வொரு தட்டைக் கல் போடுங்கள். களை எடுக்கவும் தலை கிள்ளவும் அந்தக் கல்லில் நிற்கலாம். ஏப்ரலில் முளைக்கும் கண்களை மிதிக்காமல் தப்பலாம். கல்லைச் சுற்றியும் பின்னாலும் டாஃபோடில் கூட்டங்களும் அல்லியமும்.

நடும் வரிசை: பியோனிக் கிழங்கும் குமிழ்களும் செப்டம்பர் கடைசியில் இருந்து அக்டோபருக்குள், ஒரே முறையில். அப்போதே குமிழ் இருக்கும் இடத்தில் சிறு குச்சி குத்தி வையுங்கள். மே மாதம் பல்லாண்டுச் செடிகள். விக்டோரியா தினத்துக்குப் பிறகு நாற்றுகள். தழைச்சத்து கூடிய பசளையைத் தவிர்த்து, மக்கிய உரத்தைத் தூரில் படாமல் சுற்றி ஒரு பிடி இடுவது போதும்.

அக்டோபர் கடைசியில், உறைபனி இலையைச் சாய்த்தபின், பியோனித் தண்டுகளை மண் மட்டத்துக்கு வெட்டி, இலையோடு பொறுக்கி மாநகராட்சியின் தோட்டக் கழிவுப் பையில் போடுங்கள். பூஞ்சணத்தின் வித்துகள் அதில் குளிர்காலம் கழிக்கும் என்பதால் வீட்டு உரக்குழிக்கு வேண்டாம். செடம், புல், எக்கினேசியாத் தலைகளை ஏப்ரல் வரை விட்டுவையுங்கள், கோல்ட்ஃபிஞ்ச் குருவிகள் விதை கொத்த வரும். டேலிலி, ஃபிளாக்ஸ், ஆஸ்டர் நான்கைந்து ஆண்டில் பெருத்துப் பியோனியை நெருங்கினால், பியோனிக்கு எதிர்ப்புறமாக மண்வெட்டியை இறக்கிப் பாதியை எடுத்துவிடுங்கள்.